ஸ்பீக்கரை எங்கே வைப்பது? நம்ம ஊர் ஹாலுக்கு ஒரு எளிய விளக்கம்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் புதிதாகக் கட்டிய வீடுகளில் ஸ்பீக்கர்களைப் பெரும்பாலும் மூன்று இடங்களில் பார்க்கலாம். டிவிக்குப் பக்கத்தில் ஷோகேஸ் தட்டுக்குள் சொருகியிருக்கும். இல்லையென்றால் ஹாலின் இரண்டு மூலைகளிலும் கூரையை ஒட்டி ஆணியடித்துத் தொங்கும். அதுவும் இல்லையென்றால் சோபாவுக்கும் சுவருக்கும் நடுவில் தரையில் கிடக்கும். கடையில் எத்தனை வாட்ஸ், எத்தனை இன்ச் வூஃபர் (தாழ்ந்த சுருதிச் சத்தமான பேஸைத் தரும் பெரிய கூம்பு) என்று அரைமணி நேரம் விசாரித்து வாங்குகிறோம். வீட்டுக்கு வந்ததும் ஒயர் எட்டுகிற இடத்தில் வைத்துவிடுகிறோம். கொஞ்ச நாளில் "பேஸ் மட்டும் குமுறுது, பாட்டு வெளங்கல்ல" என்று குறை வரும். உடனே அடுத்த செட் எது நல்லது என்று தேடத் தொடங்குவோம்.

தேட வேண்டாம். இருப்பதை முதலில் நகர்த்திப் பாருங்கள். அதே ஸ்பீக்கரை இரண்டடி முன்னால் இழுத்து, ஓரடி உயர்த்தி வைத்தால் கேட்பது அவ்வளவு மாறும். அதற்குப் பைசா செலவில்லை. ஏன் மாறுகிறது என்று புரிந்துவிட்டால், எந்த வீட்டுக்குப் போனாலும் ஸ்பீக்கருக்கு இடம் எது என்று நீங்களே சொல்லிவிடலாம்.

அடிப்படை இதுதான். ஸ்பீக்கரிலிருந்து கிளம்பும் சத்தம் நம் காதுக்கு ஒரே வழியில் வருவதில்லை. ஒரு பங்கு நேராக வருகிறது. மீதி, சுவரிலும் தரையிலும் கூரையிலும் பட்டுத் திரும்பி, கொஞ்சம் பிந்தி வருகிறது. இரண்டும் சேர்ந்ததைத்தான் நாம் 'பாட்டு' என்று கேட்கிறோம். நேராக வருவது ஸ்பீக்கரின் குணம். திரும்பி வருவது அறையின் குணம். ஒரு சாதாரண ஹாலில், எட்டுப் பத்தடி தள்ளி உட்கார்ந்தால், திரும்பி வருவதன் பங்கு ஒன்றும் குறைச்சலாக இருக்காது. ஆகவே ஸ்பீக்கரை வைக்க இடம் பார்ப்பது என்றால், அறை எதைச் சேர்த்துவிடுகிறது, எதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது என்று பார்ப்பதுதான்.

நம் மாவட்டத்தில் கோயில் கொடை விழாவுக்கு மைக்செட் கட்டுகிறவர்களைக் கவனித்தால் இது நன்றாகப் புரியும். வெட்டவெளியில் அவர்கள் ஆள் உயரத்துக்குப் பாக்ஸ் பாக்ஸாக அடுக்குகிறார்கள். கூட்டம் பெரியது என்பது மட்டும் காரணமில்லை. வெளியில் தரையைத் தவிர பேஸைத் திருப்பி அனுப்ப எதுவும் இல்லை. போன சத்தம் போனதுதான். அதனால் அத்தனை வூஃபர் வேண்டியிருக்கிறது. வீட்டுக்குள் கதை தலைகீழ். நாலு சுவரும் கான்கிரீட் கூரையும் கிரானைட் தரையும் பேஸை வெளியே விடாமல் உள்ளேயே வைத்துக்கொள்கின்றன. கேட்காமலே கிடைக்கிற அந்தப் பேஸ்தான் வீட்டு ஆடியோவில் பாதிப் பிரச்சினைக்குக் காரணம்.

ஒரு சின்னக் கணக்கு. நம் ஊர் வெப்பத்தில், 30 டிகிரி என்று வைத்துக்கொண்டால், சத்தம் ஒரு நொடிக்குச் சுமார் 349 மீட்டர் போகும். 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 முறை அதிரும் பேஸ் ஒலியின் ஓர் அலை ஏறக்குறைய 7 மீட்டர் நீளம், அதாவது 23 அடி. உங்கள் ஹாலை விட நீளமாகக்கூட இருக்கலாம். 10,000 ஹெர்ட்ஸில் ஜால்ராவின் கிணுகிணுப்பு இருக்கிறதே, அதன் அலை வெறும் மூன்றரை சென்டிமீட்டர். இவ்வளவு வித்தியாசமான இரண்டையும் ஒரே மாதிரி நடத்த முடியாது. நீள அலை சோபா, மேசை, ஆள் எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு எல்லாத் திசையிலும் பரவும். குட்டி அலை நேர்கோட்டில் போகும். முன்னால் ஒரு சோபாக் கை மறைத்தாலே பாதி போய்விடும். குட்டி அலைகளைத் தரும் சின்னக் கூம்பான ட்வீட்டர் நம் காதைப் பார்த்து இருக்க வேண்டும் என்றும், வூஃபர் சுவரிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்றும் சொல்வது இதனால்தான்.

இனி ஸ்டீரியோ. இரண்டு ஸ்பீக்கர் எதற்கு? சத்தம் கூட வருவதற்கு இல்லை. 1931-இல் இங்கிலாந்தில் ஆலன் ப்ளம்லைன் என்ற பொறியாளர் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். அன்றைய பேசும்படங்களில் நடிகர் திரையின் ஒரு ஓரத்தில் நிற்பார், குரல் வேறு இடத்திலிருந்து வரும். அது அவரை உறுத்தியது. இரண்டு ஸ்பீக்கர்களிலும் ஒரே குரல், ஒரே அளவில், ஒரே நேரத்தில் வந்தால் நம் மூளை அதை இரண்டாகக் கேட்பதில்லை. நடுவில், ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து ஒருவர் பாடுவதாகவே கேட்கிறது. ஒரு பக்கம் கொஞ்சம் கூடினால் பாடகர் அந்தப் பக்கம் நகர்வார். வயலின் இடது ஓரம், தபேலா வலது பக்கம், குரல் நடுவில் என்று ஒரு மேடையே கண்முன் வருவது இப்படித்தான்.

இந்த மேடை அமைய ஒரு நிபந்தனை உண்டு. இரண்டு ஸ்பீக்கர்களும் உங்கள் தலையும் ஒரு சமபக்க முக்கோணத்தின் மூன்று முனைகளாக இருக்க வேண்டும். ஸ்பீக்கர்களுக்கு நடுவே 7 அடி என்றால் ஒவ்வொன்றிலிருந்தும் உங்களுக்கும் 7 அடி. 8 அடியானாலும் பரவாயில்லை. ஆனால் இடது ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் உள்ள தூரமும், வலதுக்கும் உங்களுக்கும் உள்ள தூரமும் மட்டும் ஒன்றாகவே இருக்க வேண்டும். டேப் வைத்து அளந்துவிடுங்கள், கண் அளவு போதாது. சத்தம் ஓரடி தூரம் போக ஒரு மில்லிசெகண்டுக்குச் சற்றுக் குறைவாகத்தான் ஆகும். அது ஒரு நேரமா என்று தோன்றும். ஆனால் ஒரு காதுக்கும் மறு காதுக்கும் இடையே சத்தம் வந்து சேர்வதில் உள்ள வித்தியாசமே அதிகபட்சம் 0.7 மில்லிசெகண்ட் அளவுதான். அதை வைத்துத்தான் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று மூளை கண்டுபிடிக்கிறது. அப்படியிருக்க, ஒரு ஸ்பீக்கர் ஓரடி கிட்டே இருந்தால் நடுவில் நின்ற பாடகர் அந்தப் பக்கமாகவே போய்விடுவார். அப்புறம் பேலன்ஸ் குமிழைத் திருப்பினால் சத்தம் சமமாகலாம், நேரம் சமமாகாது.

இடைவெளி ரொம்பக் குறைந்தால் மேடை சுருங்கிவிடும். டிவியின் இரண்டு பக்கத்திலும் ஒட்டி வைத்துவிட்டு 12 அடி தள்ளி உட்கார்ந்தால் ஸ்டீரியோ இருப்பதே தெரியாது. ரொம்ப விலகினால் நடுவில் குழி விழும், குரல் இரண்டாகப் பிரியும். முதலில் ஸ்பீக்கர்களை நேராக வைத்துக் கேளுங்கள். பிறகு இரண்டையும் உங்கள் பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். திருப்பத் திருப்பக் குரல் கூர்மையாகும், பக்கச் சுவரில் பட்டு வரும் சத்தம் குறையும். அளவுக்கு மீறினால் சில ஸ்பீக்கர்களில் 'ஸ', 'ச' எல்லாம் காதில் குத்தும். எங்கே நிறுத்துவது என்பது உங்கள் விருப்பம்.

உயரத்துக்கு வருவோம். ட்வீட்டர், உட்கார்ந்திருப்பவரின் காது உயரத்தில் இருக்க வேண்டும். சோபாவில் உட்கார்ந்தால் தரையிலிருந்து காது 36 முதல் 40 அங்குலம் வரை இருக்கும். தரையில் பாய் விரித்துக் கேட்கிற வீடென்றால் இன்னும் தாழ்வாக. கூரை மூலையில் தொங்கும் ஸ்பீக்கர் இந்தக் கணக்கில் எங்கும் சேராது. டீக்கடையில் அது சரி, அங்கே எல்லா மேசைக்கும் ஏதோ கேட்டால் போதும். வீட்டில் அப்படித் தொங்கவிட்டால் ட்வீட்டரின் கூர்மை தலைக்கு மேலே போய்விடும். சுவரும் சுவரும் கூரையும் சேரும் முனை பேஸை ஊதிவிடும். கீழே வந்து சேர்வது முழக்கம்தான்.

ஸ்பீக்கர் ஸ்டாண்ட் என்று கடையில் விற்பதுதான் வேண்டும் என்றில்லை. வீடு கட்டி மிச்சம் கிடக்கும் ஹாலோ பிளாக் இரண்டு எடுங்கள். ஒன்றைப் படுக்க வைத்து, அதன்மேல் இன்னொன்றை நட்டுக்குத்தாக நிறுத்தினால் 24 அங்குலம் வரும். அதன்மேல் ஒரு சின்னப் பலகை, பலகையின் நாலு மூலையிலும் பழைய ரப்பர் செருப்பை வெட்டிய துண்டுகள், அதற்கு மேல் ஸ்பீக்கர். சிறிய பாக்ஸாக இருந்தால் ட்வீட்டர் காது உயரத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். கனமான கல் அதிராது. ரப்பர் துண்டு, பாக்ஸின் அதிர்வு பலகைக்கு இறங்காமல் பார்த்துக்கொள்ளும். ஓடியாடும் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இதை அப்படியே நிறுத்தக் கூடாது. கல்லையும் பலகையையும் அசையாதபடி பிணைத்துவிடுங்கள், அல்லது அகலக் காலுள்ள ஸ்டூல் பயன்படுத்துங்கள்.

அடுத்தது சுவர். வூஃபர் பேஸை எல்லாத் திசையிலும் அனுப்புகிறது என்று சொன்னேன். பின்னால் சுவர் இருந்தால் அந்தப் பக்கம் போனதும் திரும்பி முன்னால் வந்து சேரும். கணக்குப்படி ஒரு சுவர் ஆழ்ந்த பேஸை 6 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) வரை கூட்டும். மூலையில் வைத்தால் இரண்டு சுவரும் தரையும் சேர்ந்து ஏற்றும். குரலும் வயலினும் கூடாமல் பேஸ் மட்டும் கூடும். பின்பக்கம் காற்றுத்துளை உள்ள பாக்ஸ் என்றால் இன்னும் மோசம். ஷோகேஸ் தட்டுக்குள் வைத்தால் அந்த மரப்பெட்டியே கூடச் சேர்ந்து முழங்கும். வேறு வழியே இல்லை, ஷோகேஸில்தான் வைக்க வேண்டும் என்றால், ஸ்பீக்கரின் முகம் தட்டின் விளிம்புக்கு வருமாறு முன்னால் இழுத்து, சுற்றிலும் உள்ள இடைவெளியில் பழைய துணியை மடித்துத் திணியுங்கள். பின்துளை இருந்தால் அதையும் சுருட்டிய துணியால் தளர்வாக அடைக்கலாம். முழுத் தீர்வு இல்லை, ஆனால் குமுறல் கணிசமாக அடங்கும்.

சுவரிலிருந்து தள்ளி வைப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. சுவரில் பட்டுத் திரும்பும் அலை, நேராகப் போகும் அலைக்கு எதிர்நிலையில் வந்து சேர்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். வூஃபரின் முகத்துக்கும் பின்சுவருக்கும் உள்ள தூரம், ஓர் அலையின் நீளத்தில் கால் பங்காக இருக்கும்போது இது நடக்கிறது. போக கால், வர கால், மொத்தம் அரை அலை. தூரம் 2 அடி என்றால் 143 ஹெர்ட்ஸ் பக்கம் பள்ளம் விழும். 3 அடி என்றால் 95 ஹெர்ட்ஸ் பக்கம். ஆண் குரலின் அடிநாதம் இருக்கும் இடம் அது. "பேஸ் இருக்கு, ஆனா குரல்ல சதையே இல்ல" என்று சிலர் சொல்வார்களே, காரணம் பல சமயம் இந்தப் பள்ளம்தான். இதை அறவே ஒழிக்க முடியாது. பின்சுவர் தூரம், பக்கச்சுவர் தூரம், தரையிலிருந்து வூஃபர் உயரம் மூன்றும் ஒரே அளவாக வராமல் பார்த்துக்கொண்டால் எல்லாப் பள்ளமும் ஒரே இடத்தில் விழாது.

இதற்கும் மேலே ஒன்று இருக்கிறது, நின்ற அலை. குளச்சல், முட்டம் பக்கம் கடலோரத்தில் தூண்டில் வளைவுப் பாறைகளில் அலை வந்து மோதித் திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். திரும்பும் அலை அடுத்து வரும் அலையைச் சந்திக்கிற இடத்தில் தண்ணீர் இரண்டு மடங்கு எழும்பும். அதற்குச் சற்றுத் தள்ளி அப்படியே தணிந்து கிடக்கும். ஹாலில் எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே பேஸுக்கும் இதுவே நடக்கிறது. அறையின் நீளத்துக்கு ஏற்ப ஒரு குறிப்பிட்ட சுருதி மட்டும் சில இடங்களில் பொங்கி நிற்கும், சில இடங்களில் காணாமல் போகும். ஒலியின் வேகத்தை அறை நீளத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் அந்தச் சுருதி கிடைக்கும். 16 அடி நீளத்துக்கு 36 ஹெர்ட்ஸ், 12 அடி அகலத்துக்கு 48, 10 அடி உயரத்துக்கு 57. இவற்றின் இரண்டு மடங்கு, மூன்று மடங்குகளும் உண்டு. அறை 12-க்கு 12 என்று சதுரமாக இருந்தால் நீளமும் அகலமும் ஒரே 48 ஹெர்ட்ஸில் சேர்ந்து பொங்கும். சதுர அறையில் ஸ்பீக்கர் வைக்காதீர்கள் என்று அழுத்திச் சொல்வதற்கு இதுவே காரணம். வீட்டில் வேறு அறை இருந்தால் அங்கே போய்விடுங்கள்.

இதை உங்கள் ஹாலிலேயே கேட்டுப் பார்க்கலாம். ஒரே பேஸ் சுருதி விடாமல் ஒலிக்கும் ஒன்றைப் போட்டுவிட்டு எழுந்து நடங்கள். சுவர் பக்கம் போகும்போது பேஸ் ஏறும். மூலையில் காதை வைத்தால் மார்பில் இடிக்கும். ஹாலின் நட்டநடுவில் திடீரென்று மெலிந்துவிடும். போனில் கிடைக்கும் டோன் ஜெனரேட்டர் செயலியை ஸ்பீக்கரோடு இணைத்து, 40-லிருந்து 100 வரை மெல்ல ஏற்றினால் எந்தச் சுருதியில் ஜன்னல் கண்ணாடி நடுங்குகிறது என்றே தெரிந்துவிடும். சத்தத்தை அளவாக வைத்துக்கொள்ளுங்கள், அந்த டோன் வூஃபரைச் சோதித்துவிடும்.

ஆகவே உட்காரும் இடமும் ஸ்பீக்கர் வைக்கும் இடத்துக்குச் சமமான விஷயம். நம் வீடுகளில் சோபா எப்போதும் சுவரோடு சுவராகத்தான் கிடக்கும், நடுவில் நடக்க இடம் வேண்டும் என்பதால். ஆனால் பேஸ் மிகவும் பொங்குவது சுவர் ஓரத்தில். சரி, நடுவில் போடலாம் என்றால் அங்கே முதல் நின்ற அலையின் பள்ளம். இரண்டுக்கும் இடைப்பட்ட இடம்தான் நல்லது. முதுகுக்குப் பின்னுள்ள சுவரிலிருந்து அறை நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு, அல்லது அதற்குச் சற்று அதிகம். 16-க்கு 12 ஹாலில் நான் தொடங்குவது இப்படி: அகலம் குறைந்த சுவரின் பக்கம் ஸ்பீக்கர்கள், பின்சுவரிலிருந்து 3 அடி, பக்கச் சுவர்களிலிருந்து இரண்டரை அடி. இடையில் 7 அடி வரும். உட்காருபவர் ஒவ்வொரு ஸ்பீக்கரிலிருந்தும் 8 அடி. அவருக்குப் பின்னால் ஏறக்குறைய 6 அடி மிஞ்சும். இது தொடக்கம்தான், அங்கிருந்து அரை அடி அரை அடியாக நகர்த்திக் காதால் தீர்மானிக்க வேண்டும்.

கருங்கல் பக்கம் ஒரு நண்பர் வீட்டில் இதைச் செய்தோம். பளபளவென்ற கிரானைட் தரை, ஒரு சுவர் முழுக்க ஜன்னல், இரண்டு மூலைகளிலும் இடுப்புயர ஸ்பீக்கர்கள், எதிர்ச் சுவரை ஒட்டி சோபா. பழைய பாட்டு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. தபேலாவின் இடக்கை அடி ஒவ்வொன்றும் அடுத்த அடி வரும்வரை இழுத்துக்கொண்டே இருந்தது, அதன் பின்னால் குரல் மங்கலாகக் கேட்டது. ஸ்பீக்கர்களை மூலையிலிருந்து வெளியே இழுத்தோம். சோபாவை நாலடி முன்னால் தள்ளினோம். அடுத்த அறையில் சுருட்டிக் கிடந்த தடித்த கம்பளத்தைக் கொண்டுவந்து நடுவில் விரித்தோம். அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்த அவருடைய அம்மா, "மக்களே, இப்பந்தான் பாட்டுல உள்ள வார்த்தை வெளங்குது" என்றார். ஆம்ப்ளிஃபையரில் எதையும் தொடவில்லை.

அந்தக் கம்பளம் செய்த வேலையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சுசீந்திரம் கோயில் பிரகாரத்தில் நாதஸ்வரம் கேட்டால், வாசித்து நிறுத்திய பிறகும் கல் மண்டபத்தில் அது மிதந்துகொண்டிருக்கும். அந்த இசைக்கு அது அழகு. ஆனால் பாட்டில் வேண்டிய எதிரொலியை ரெக்கார்டிங் செய்தவரே அளந்து வைத்துவிடுகிறார். அதன்மேல் நம் ஹாலின் எதிரொலியும் சேர்ந்தால் சொல் கரைந்துவிடும். இந்த எதிரொலியை முதன்முதலில் கணக்கில் கொண்டுவந்தவர் வாலஸ் சபைன். 1895-இல் ஹார்வர்டில் ஒரு விரிவுரை அரங்கில் பேராசிரியர்கள் பேசுவது யாருக்கும் விளங்கவில்லை. சொன்ன சொல் ஐந்தரை நொடி அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்யும் பொறுப்பு சபைனிடம் வந்தது. பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை ராத்திரியில் தூக்கிவந்து பரப்பி, எத்தனை மெத்தைக்கு எவ்வளவு எதிரொலி குறைகிறது என்று அளந்தார். அறை எவ்வளவு பெரிது, அதற்குள் சத்தத்தை உறிஞ்சும் பொருள் எவ்வளவு, இந்த இரண்டும்தான் எதிரொலியைத் தீர்மானிக்கின்றன என்று கண்டார். இன்றைக்கும் அந்தச் சூத்திரம்தான் அடிப்படை.

நம் பழைய ஓட்டு வீடுகளில் இந்தத் தொல்லை இவ்வளவு இல்லை. மரமச்சும் ஓட்டு இடுக்குகளும் பேஸில் ஒரு பங்கை வெளியே விட்டுவிடும், கொஞ்சத்தை மரம் அதிர்ந்து தின்றுவிடும். கான்கிரீட்டும் கிரானைட்டும் அதைச் செய்யாது. ஆகவே புது வீட்டில் மெத்தென்ற சாமான்களை நாம்தான் சேர்க்க வேண்டும். முக்கியமான இடம், ஸ்பீக்கருக்கும் நமக்கும் நடுவே சத்தம் முதலில் பட்டுத் திரும்பும் இடம். கண்டுபிடிப்பது சுலபம். நீங்கள் உட்காரும் இடத்தில் உட்காருங்கள். இன்னொருவர் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பக்கச் சுவரில் ஒட்டியபடி, ட்வீட்டர் உயரத்தில் நகர்த்திக்கொண்டே போகட்டும். கண்ணாடியில் ஸ்பீக்கர் எந்த இடத்தில் தெரிகிறதோ அங்கேதான் சத்தமும் பட்டு உங்களிடம் வருகிறது. அந்த இடத்தில் தடித்த திரைச்சீலை, புத்தக அலமாரி, துணி நிறைந்த திறந்த அலமாரி, எதுவாவது இருக்கட்டும். தரையில் ஸ்பீக்கருக்கும் சோபாவுக்கும் நடுவே தடித்த கம்பளம். சோபாவைச் சுவரிலிருந்து நகர்த்தவே முடியாது என்றால் தலைக்குப் பின்னால் ஒரு கனத்த போர்வையை மடித்துத் தொங்கவிடுங்கள்.

மெல்லிய துணி உயர்ந்த சுருதிச் சத்தமான ட்ரெபிளை மட்டும்தான் உறிஞ்சும், பேஸ் அதைக் கண்டுகொள்ளாது. கயிற்றுப்பாய் ஒன்றை விரித்துவிட்டு முழக்கம் குறையவில்லையே என்று ஏங்கக் கூடாது. முட்டை அட்டைகளைச் சுவர் முழுக்க ஒட்டுகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. அதனால் பேஸ் துளியும் அடங்காது, சுவர்தான் பாழாகும், பல்லிக்கும் கரப்பானுக்கும் வீடாகும். பேஸுக்குக் கனம் வேண்டும். மூலையில் நிறுத்தி வைத்த பழைய இலவம்பஞ்சு மெத்தை அந்த அட்டைகளை விட எவ்வளவோ மேல்.

ஹால் இரண்டு பக்கமும் ஒன்றாக இல்லாதது இன்னொரு சிக்கல். ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் மாடிப்படியோ சாப்பாட்டு அறையோ திறந்து கிடக்கும். சுவர்ப் பக்கத்து ஸ்பீக்கரின் பேஸ் கூடும், திறந்த பக்கத்து ஸ்பீக்கரின் பேஸ் மெலியும். முடிந்தால் இரண்டு பக்கமும் ஒத்திருக்கிற வேறு சுவரைத் தேர்ந்தெடுங்கள். முடியாவிட்டால் சுவர்ப் பக்க ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து இன்னும் கொஞ்சம் விலக்கி, அந்தச் சுவரில் திரை போடுங்கள். தூரம் சமமாக இருக்க வேண்டும் என்ற விதியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

ஒயர் விஷயம் சின்னது, ஆனால் பல வீடுகளில் தப்பாக இருப்பது. ஆம்ப்ளிஃபையரின் சிவப்பு ஸ்பீக்கரின் சிவப்புக்கு, கறுப்பு கறுப்புக்கு. ஒரு ஸ்பீக்கரில் மாறிவிட்டால் ஒன்று முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுக்கும். பேஸ் காணாமல் போகும், குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. சந்தேகம் இருந்தால் ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிட்டு ஒரு ஸ்பீக்கரின் ஒயரை மட்டும் மாற்றிப் போட்டுக் கேளுங்கள். எதில் பேஸ் கூடிக் குரல் நடுவில் நிற்கிறதோ அதுவே சரி. கடலோர வீடுகளில் உப்புக்காற்று அந்த ஒயர் முனைகளைப் பச்சை பிடிக்க வைக்கும். அவ்வப்போது நுனியை வெட்டிப் புதிதாகச் சீவிப் பொருத்துங்கள். நமக்கு ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. சுவர் ஊறுகிற பக்கத்தில் பாக்ஸைச் சாய்த்து வைத்தால் அமுக்கிய மரத்தூள் பலகை உப்பிவிடும். சுவரிலிருந்து விலக்கி வைக்க அதுவும் ஒரு காரணம்.

பேஸுக்கென்றே தனிப் பாக்ஸான சப்வூஃபர் இருந்தால் அதற்கு இடம் தேட ஒரு வழி இருக்கிறது. அதை நீங்கள் உட்காரும் சோபாவிலேயே தூக்கி வைத்து, பேஸ் உள்ள பாட்டைப் போடுங்கள். பிறகு சுவரோரமாகக் குனிந்து, தரைக்குப் பக்கத்தில் காதை வைத்தபடி அறையைச் சுற்றி வாருங்கள். எங்கே பேஸ் தெளிவாகவும் சமமாகவும் கேட்கிறதோ அந்த இடத்தில் சப்வூஃபரை வைத்துவிட்டு, நீங்கள் சோபாவுக்குத் திரும்புங்கள். இடத்தை மாற்றிக்கொண்டாலும் இரண்டுக்கும் நடுவே அறை செய்யும் வேலை மாறாது என்பதால் இது பலிக்கிறது. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதுக்குப் பெரும்பாலும் தெரியாது, அதனால் சப்வூஃபர் ஓர் ஓரத்தில் இருந்தாலும் மேடை கலையாது.

முன்னால் மூன்று, பின்னால் இரண்டு, கூட ஒரு சப்வூஃபர் என்று வரும் 5.1 செட் என்றால் நடு ஸ்பீக்கர் டிவிக்கு நேர் கீழே, உங்கள் முகத்தைப் பார்த்துச் சற்று நிமிர்ந்து இருக்கட்டும். வசனம் பெரும்பாலும் அதில்தான் வருகிறது. பின் ஸ்பீக்கர்கள் முதுகுக்குப் பின்னால் வேண்டாம், பக்கவாட்டில், தோளுக்குச் சற்றுப் பின்னால், காதுக்குக் கொஞ்சம் மேலே. சவுண்ட்பார் என்றால் ஷோகேஸ் தட்டுக்குள் தள்ளாமல் விளிம்பில் வையுங்கள். அவ்வளவுதான்.

எல்லாம் வைத்தாயிற்று, சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நான் வில்லுப்பாட்டு ரெக்கார்டிங் ஒன்றைப் போடுவேன். நம் ஊர்க் காதுக்கு அதைவிட நல்ல சோதனை கிடையாது. குடத்தின் வாயில் விழும் அடி பேஸ், உடுக்கை நடுவாந்தரம், ஜால்ராவும் வில்லில் கட்டிய மணிகளும் ட்ரெபிள், எல்லாவற்றுக்கும் நடுவே பாடுபவரின் குரல். குடத்தின் அடி 'தொம்' என்று விழுந்து அங்கேயே நிற்க வேண்டும். 'தொம்ம்ம்' என்று இழுத்தால் ஸ்பீக்கரோ நீங்களோ சுவருக்குக் கிட்டே இருக்கிறீர்கள். குடம் சத்தமே மெலிந்தால் நீங்கள் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள், அரை அடி முன்னால் பின்னால் நகருங்கள். மணிகள் தனித்தனியாகக் கேட்காவிட்டால் ட்வீட்டர் காதைப் பார்க்கவில்லை. பழைய ரெக்கார்டிங் பல மோனோவாக, அதாவது இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே சத்தம் வருவதாக இருக்கும், அது இன்னும் நல்லது. மோனோவில் எல்லாச் சத்தமும் இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நட்டநடுவே, ஒரு புள்ளியில் கேட்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் டேப்பை எடுத்து மறுபடி அளங்கள். மின்விசிறியை இரண்டு நிமிடம் நிறுத்திவிட்டுக் கேட்டால் வித்தியாசம் இன்னும் நன்றாகத் தெரியும்.

சுவரிலிருந்து 3 அடி தள்ளி எப்போதும் நிறுத்தி வைக்க எல்லா வீட்டிலும் முடியாது, வழியை மறிக்கும் என்பது தெரியும். கேட்கும்போது மட்டும் முன்னால் இழுத்து வைத்து, முடிந்ததும் சுவரோடு தள்ளிவிடலாம். அதற்குத் தோதாக, நல்ல இடம் கிடைத்ததும் ஸ்பீக்கரின் நாலு மூலைக்கும் சோபாவின் முன்காலுக்கும் நேரே தரையில் சின்னத் துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். பெயிண்ட் கடையில் கிடைக்கும், கிரானைட்டில் கறை படியாமல் உரிந்து வரும். வீட்டில் பெருக்கித் துடைக்கிறவர்களிடம் அதைப் பிய்க்க வேண்டாம் என்று சொல்லி வைத்துவிடுங்கள்.